எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை

என் மனைவி கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தாள் என்று நான் வெளியில் அளந்துவிடுவேன். பாதி இல்லைதான். ஆனால் பாசாருக்குப் போனால் மீன் கடையிலிருந்து ஒருத்தி "டீச்சர்!" என்று கத்துவாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்து லோரியிலிருந்து தாடிக்காரர் ஒருவர் கும்பிடுவார். நானும் பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். என்னால் பார்வை தெளிந்தவர்கள் யாரும் என்னை ரோட்டில் பார்த்ததாகவே காட்டிக்கொள்வதில்லை.

புதிதாக ஓட்டுகிறவர்களின் பக்கத்தில் உட்காருவதற்கு ஒரு தனி மனசு வேண்டும். இடது இருக்கையில், அவள் காலடியில், அவளுக்கென்று ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் கால் இருக்கும், ஆனால் அழுத்தாது. முன்னால் பேருந்து வருகிறது, ஓட்டுகிறவர் கியரைத் தேடிக்கொண்டிருக்கிறார், அப்போதும் அவள் குரல் உயராது. "மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல" என்பாள். நானாக இருந்தால் கதவைத் திறந்து குதித்திருப்பேன். ஒரே ஒரு முறை பின் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். இறங்கியதும் சொன்னாள்: "இனிமே நீங்க வராதீங்க. நீங்க போடுற சத்தத்துல எனக்கே பிரேக் எங்க இருக்குன்னு மறந்துடுது."

அவளுக்கு நோய் தொடங்கியது மூக்கடைப்பில். கிளினிக்கில் சைனஸ் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், குறைந்தது, திரும்ப வந்தது. மூக்கில் ரத்தம் பொருக்குப் பொருக்காகக் கட்டியது. முட்டி வலித்தது, வயசு என்றோம். பிறகு ஒருநாள் அடுக்குமாடிப் படியில் இறங்கும்போது அவள் வலது கால் செருப்பு கழன்று மேல் படியிலேயே கிடந்தது. அவள் அது தெரியாமல் கீழே வரைக்கும் வந்துவிட்டாள். நான் செருப்பை எடுத்துக்கொண்டு போய், "நடக்கும்போதே தூங்குறியா?" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. குனிந்து பாதத்தைப் பார்த்து, விரல்களைத் தூக்கச் சொல்லி அதற்கு உத்தரவு போடுகிறவள் மாதிரி நின்றாள். விரல்கள் எழவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில் பல் துலக்கும்போது இருமினாள். வாஷ்பேசின் முழுக்க ரத்தம். பின்னாலேயே நின்று நான் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள்தான் குழாயைத் திறந்து கழுவிவிட்டு, "கார் சாவி எங்க?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். வாஸ்குலைட்டிஸ். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி, வழி தவறிச் சொந்த ரத்தக்குழாய்களையே தாக்குகிறது. நுரையீரல், மூக்கு, காலுக்குப் போகும் நரம்பு, எல்லா இடத்திலும் அது கை வைத்திருந்தது. சிறுநீரகத்தின் வாசல் வரை போய்விட்டது என்றார்கள். வீட்டுக் காவலுக்கு வைத்த நாய் வீட்டுக்காரரையே கடிப்பது போல என்று நான் புரிந்துகொண்டேன். முதலில் கடுமையான மருந்து கொடுத்து அதை அடக்கினார்கள். ஸ்டீராய்டில் அவள் முகம் உப்பி உருண்டையானது. "கண்ணாடியில யாரோ வசதியான வீட்டு அம்மா தெரியிறாங்க" என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் அந்த முகத்தோடேயே பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

நோய் அடங்கியது. காலின் பலம் முக்கால்வாசி திரும்பியது. ஆனால் அடங்கியதை அடங்கியபடியே வைத்திருக்கத் தினம் ஒரு மாத்திரை வேண்டும் என்றார்கள். இளமஞ்சள் நிறத்தில் சின்ன மாத்திரை. அது எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் தூங்க வைக்கும். தூங்குகிற காவல் நாய் சொந்த வீட்டைக் கடிக்காது, வெளியிலிருந்து வரும் கிருமியைப் பார்த்தும் சரியாகக் குரைக்காது. பிரச்சினை அங்கேதான்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். பிரேக்கை இடது காலால் மிதிக்கத் தன்னைத்தானே பழக்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலியான மைதானத்தில் என்னை ஓட்டச் சொல்லி, எச்சரிக்கை இல்லாமல் பிரேக் அடித்து அடித்துப் பயிற்சி எடுத்தாள். என் நெற்றி இரண்டு முறை ஸ்டியரிங்கில் மோதியது. தனக்குப் பூரண நம்பிக்கை வந்த பிறகுதான் எல் போர்டு மாட்டிய காரில் அடுத்த ஆளை ஏற்றினாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மார்பு விரிகிறது.

இரண்டாவது வருஷம் அவளுக்கு அக்கி வந்தது. முதுகிலிருந்து மார்பு வரைக்கும் ஒரு பட்டையாகக் கொப்புளம். நான் கடைக்குப் போய்விடுவேன். கூட இருந்து பார்த்துக்கொண்டவர் அவளுடைய அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கணவர் போன பிறகு வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறவர். தாய் இல்லாத வீட்டில் தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், அதனால் இவள் மேல் தனக்குத்தான் முதல் உரிமை என்று நினைக்கிறவர். அக்கி எழுதுகிறவரைத் தேடிக் கிள்ளான் முழுக்க அலைந்தார். ஆள் கிடைக்கவில்லை. துணி பட்டாலும் எரிகிறது என்று தங்கை துடித்த துடிப்பை நாள் முழுக்கப் பார்த்தவர் அவர்தான். மாத்திரையால் வந்த வினை இது என்று டாக்டர் சொன்னதும், அந்த மாத்திரை அவருக்குப் பரம எதிரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதே கேள்விதான்: "எத்தன நாளைக்குத் தங்கச்சி இந்த மாத்திர?" உறவுக்காரர்களும் அதையே கேட்டார்கள். நம் ஆட்களுக்கு மருந்து என்றால் அதற்கு ஒரு முடிவு வேண்டும். ஒரு மண்டலம் சாப்பிடு, பத்தியம் இரு, முடித்து எழுந்திரு. முடியாத மருந்தைச் சாப்பிடுகிறவளை அவர்கள் இன்னும் முடியாதவளாகவே பார்த்தார்கள். வேலைக்குப் போய்வருகிறவளிடம் தலையைச் சாய்த்து, "பாவம்" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மூன்றாவது வருஷம் தொடங்கியபோது டாக்டரே அந்தப் பேச்சை எடுத்தார். மலாய்க்காரப் பெண், அளந்து பேசுகிறவர். நோய் நல்ல காலமாக அமைதியாக இருக்கிறது, இந்தக் கட்டத்தில் சிலருக்கு நிறுத்துகிறோம், சிலருக்கு இன்னும் சில வருஷம் தொடர்கிறோம் என்றார். நிறுத்தினால் நோய் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். தொடர்ந்தால் திரும்பும் வாய்ப்பு குறையும், கிருமித் தொற்று ஆபத்து இருக்கும். "எது சரி?" என்று நான் குறுக்கே கேட்டேன். எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு தேதி தன்னிடம் இல்லை, என் மனைவியைக் காட்டி, புவான் யோசித்துவிட்டு வரட்டும், சேர்ந்து முடிவெடுக்கலாம் என்றார்.

காரில் நான் பொரிந்து தள்ளினேன். படித்தவர் சொல்லாமல் நாமா சொல்வது? அப்புறம் எதற்கு டாக்டர்? அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "தெரியாதத தெரியாதுன்னு சொல்ற டாக்டர் கெடச்சிருக்காங்க. அத விட்டுட்டு ஏங்க கத்துறீங்க?"

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் ஆயுசுக்கும் அந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும். அக்காவுக்கு வேண்டியதும் ஒன்றுதான். நாளைக்கே நிறுத்த வேண்டும். இரண்டு பேரும் அவள் தலையைத் தின்றோம். நான் காலையில், அவர் மாலையில்.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் மடித்த தாள். பூக் கட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் இது சாதாரணம். ஒரு தாளில் வெள்ளைப் பூ, இன்னொரு தாளில் சிவப்புப் பூ மடித்து, அம்மன் காலடியில் வைத்து, மனசில் கேட்டதை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். வீடு வாங்கலாமா, பெண் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். நானே கடையைப் பிடிக்கும்போது பூப் பார்த்தவன்தான், அதனால் சிரிக்க எனக்கு வாயில்லை.

"மாத்திரைய நிறுத்தலாமான்னு கேட்டேன்" என்றார் அக்கா. தாளைப் பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை. "அம்மா உத்தரவு கொடுத்துட்டா."

என் மனைவி பக்தி உள்ளவள். விரதம் தவறாதவள். அம்மன் சொன்னாள் என்றால் அவள் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, அம்மனுக்கு நுரையீரல் எக்ஸ்ரே பாக்கத் தெரியுமா?"

"வாய அலம்புங்க தம்பி! விளக்கு வெச்ச நேரத்துல என்ன பேச்சு இது?"

"பின்ன? நாளைக்கு ரத்தமா கக்குனா நீங்க வந்து பாத்துக்குவீங்களா?"

"அக்கி வந்தப்ப யாரு பாத்தா? நீங்களா? அவ துடிச்சத நான்தானே பக்கத்துல உக்காந்து பாத்தேன்!"

"ரத்தத்த நான் பாத்தேன்!"

"ரெண்டு பேரும் பாத்தீங்க" என்றாள் என் மனைவி. "வலிச்சது எனக்கு."

அவள் எழுந்து, கை கால் கழுவிவிட்டு வந்து, அக்கா கையிலிருந்த பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். தொலைந்தது, நிறுத்தப்போகிறாள் என்று நினைத்தேன். நேராகச் சமையலறைக்குப் போனாள். மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து எங்கள் முன்னாலேயே விழுங்கினாள்.

"பூ வந்துருச்சுல்ல?" என்றார் அக்கா.

"வந்துச்சுக்கா. நிறுத்தலாமான்னு நீ கேட்ட, அம்மா நிறுத்தலாம்னு சொல்லிட்டா. எப்பன்னு நீ கேக்கவே இல்லையே. டாக்டரும் நிறுத்தலாம்னுதான் சொல்றாங்க. எப்பங்கிறதுதான் யாருக்கும் தெரியல."

அக்கா அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என் மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து வலது பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே பேசினாள்.

"எங்கிட்ட ஓட்ட வர்றவங்கள நான் எப்ப டெஸ்ட்டுக்கு அனுப்புறேன் தெரியுமா? பயிற்சி மணிநேரம் முடிஞ்சிருச்சுன்னு யாரையும் அனுப்ப மாட்டேன். முடிஞ்சவங்கள்ல பாதிப் பேருக்கு, குறுக்க ஒரு மோட்டார் சைக்கிள் வந்தா கை கால் நின்னுடும். எனக்குப் பயமா இருக்குன்னு யாரையும் பிடிச்சு வெச்சுக்கவும் மாட்டேன். அப்படி வெச்சா ஒருத்தரும் ஓட்ட மாட்டாங்க. அக்காவுக்கு நாள் முடிஞ்சாப் போதும். இவருக்குப் பயம் போகவே போகாது. நான் ரெண்டுலயும் போக மாட்டேன். விடுங்கலா."

இத்தனை வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, "நான் பேசுறேன். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டாள். நல்ல மலாயில், ஓட்டக் கற்றுக் கொடுக்கும் அதே நிதானத்தில் கேட்டாள். நோய் திரும்பினால் எங்கே முதலில் தெரியும்? முன்பு வந்த இடத்திலேயே பெரும்பாலும் வரும், எப்போதும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். சிறுநீரகத்தில் வந்தால் எனக்குத் தெரியுமா? தெரியாது, சத்தமில்லாமல் வரும், ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தால்தான் பிடிக்கலாம். ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் ஏறினால் நோய் வருகிறது என்று அர்த்தமா? சந்தேகப்படலாம், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. திரும்பினால் மறுபடியும் முதலில் கொடுத்த கடுமையான மருந்தா? அநேகமாக ஆமாம்.

கடைசியாகக் கேட்டாள்: "போனால் திரும்ப வராதது எது?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். காலின் நரம்பும் சிறுநீரகமும், இந்த இரண்டும் போனால் முழுசாகத் திரும்பும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். தொற்று வந்தால் பெரும்பாலும் வைத்தியம் இருக்கிறது, ஆனால் அதுவும் விளையாட்டு இல்லை. உங்கள் நோயின் வகை திரும்பி வரும் குணம் கொஞ்சம் அதிகம் உள்ளது, நரம்பு வரைக்கும் போயிருக்கிறது. என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்சக் காலம் தொடரலாம் என்பேன் என்றார்.

"அப்ப தொடரலாம்" என்றாள். அதோடு விடவில்லை. அக்கிக்கு உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசி ஒன்று இருப்பதைத் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். இருமுகிறவர்களைக் காரில் ஏற்றுவதில்லை, மறுநாள் வரச் சொல்லிவிடுவாள். கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் பாடம். கிள்ளான் வெயிலில் வியர்த்து ஊற்றும். மாணவர்கள் முணுமுணுப்பார்கள். "ஏர்கோன் இல்லாமலும் ஓட்டப் பழகணும்" என்று அதையும் பாடத்தில் சேர்த்துவிட்டாள். அக்காவே நேரம் பார்த்து மாத்திரை போட்டாயா என்று போன் செய்ய ஆரம்பித்தார்.

அப்படி இன்னும் சில வருஷம் போனது. ஒவ்வொரு சோதனையும் சுத்தமாக வந்தது. எனக்கு அது பழகிவிட்டது, அந்த மாத்திரை அவள் உடம்பில் ஒரு உறுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் டாக்டரிடம், "இப்ப நிறுத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டினார், யோசித்தார், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாம், முதல் வருஷம் அடிக்கடி வந்து சோதிக்க வேண்டும் என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையின் மேல் கையை வைத்தாள். மூடிக்கொண்டேன்.

மாத்திரை பாதியானது, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் ஆனது, பிறகு நின்றது. அவள் வழக்கம் போல வேலைக்குப் போனாள். தைரியம் என்றால் என் மனைவியின் தைரியம்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். இரவில் அவள் இருமினால் மட்டும் எனக்கு விழிப்பு வந்துவிடும்.

நிறுத்திச் சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் மூக்கைச் சிந்திவிட்டு டிஷ்யூவை என்னிடம் காட்டினாள். ஒரு கீற்று ரத்தம். அவள் உடையை மாற்றிக்கொண்டு, அன்றைய பாடங்களைத் தள்ளிவைப்பதாக மாணவர்களுக்குப் போன் செய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், மூக்குக்குள் விளக்கு விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். நடுவில் அக்கா எனக்கு ஓயாமல் போன் செய்தார். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் கூப்பிட்டார். மூக்கின் தோல் வறண்டு வெடித்ததுதான், நோய் திரும்பியதற்கு இன்றைக்கு ஒரு அடையாளமும் இல்லை, எண்ணெய் தடவுங்கள், அடுத்த சோதனைக்குத் தவறாமல் வாருங்கள் என்றார்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "திரும்ப ஆரம்பிச்சுடலாம்மா" என்றேன். "கெஞ்சிக் கேக்குறேன். டாக்டர்கிட்ட நானே பேசுறேன். உனக்குத்தான் பயமே கெடையாது. என்னால முடியல."

அவள் கார் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"பயம் கெடையாதுன்னு யாரு சொன்னா?" என்றாள். "மூக்கு சிந்துற ஒவ்வொரு தடவையும் பாக்குறேன். காலைல கட்டில விட்டு எறங்குறதுக்கு முன்னால, போர்வைக்குள்ளயே கால் விரல தூக்கிப் பாக்குறேன். மாத்திர சாப்பிட்டப்பவும் பாத்தேன், இப்பவும் பாக்குறேன். நீங்க முழிச்சுக்குவீங்கன்னு சத்தம் போடாம பாக்குறேன்."

இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

"அப்புறம் எப்படி நிறுத்தின?" என்று கேட்டேன்.

"பயத்தக் கேட்டிருந்தா மொதல்லயும் ஓட்டியிருக்க மாட்டேன், இப்பவும் நிறுத்தியிருக்க மாட்டேன். திரும்ப வந்தா திரும்ப சாப்பிடுவேன். அது வர்ற வரைக்கும் வரல, அவ்ளோதான்." கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் கலங்கவில்லை. "நாளைக்குக் காலைல நீங்களும் முழிச்சுக்கோங்க. தனியா பாக்குறதுதான் கஷ்டமா இருக்கு."

சரி என்றேன். மறுநாள் காலை அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துகொண்டேன். அவள் போர்வையை விலக்கினாள். நான் விரல்களைப் பார்த்தேன்.